இன்னொரு கயிறு

என் அத்தானின் உயிருக்கு எட்டு மாதச் சம்பளம் என்று விலை போட்டார் பாதியார். கடைத்தெருச் சங்கத்தின் கணக்குப்படி பதினாறு மாதம். எதைக் கேட்டாலும் பாதிக்குக் கேட்டுப் பழகிய வாய், சாவையும் விட்டுவைக்கவில்லை.

பாதியார் என்பது கடைத்தெரு அவருக்குக் கொடுத்த பட்டம். மூன்று மாடி டைல்ஸ் கடை. வாசலில் ஓர் ஒலிபெருக்கி. ‘பாதி விலை! பாதி விலை!’ என்று அவர் குரலில் பதிவு செய்ததைக் கடை திறந்ததிலிருந்து மூடும்வரை கத்திக்கொண்டே இருக்கும். விற்கும்போது அது சும்மா. வாங்கும்போது மட்டும் அவருக்கு அது வேதம். துடைப்பமா, பாதி. டீயா, அதையும் ஒரு தடவை பாதிக்குக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அதனால் தெருவில் நாங்கள் எல்லாரும் அவர் ஒருவருக்கு மட்டும் இரட்டை விலை சொல்வோம். அவர் பாதியாக்குவார். நாங்கள் மூக்கால் அழுதுகொண்டே கொடுப்போம். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார். என் அப்பா பட்டன் கடை வைத்திருந்த காலத்திலேயே தொடங்கிய நாடகம் இது. கடை என் கைக்கு வந்த பிறகும் ஒரு வசனம்கூட மாறவில்லை. அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

வாங்குவதைவிட அவருக்குப் பிடித்தது, வாங்கியதைச் சொல்வது. ‘அவன் எவ்வளவு சொன்னான், நான் எவ்வளவுக்கு அடிச்சேன்’ என்று டீக்கடையில் ஆள் கூட்டிச் சொல்லாவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அவருடைய கடையில்தான் என் அக்காவின் கணவர் சரக்கு லிஃப்ட் பார்த்தார். டைல்ஸ் பெட்டிகளை ஏற்றி, கூடவே மேலே போய், இறக்கிவிட்டு வருவது வேலை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மூன்றாவது மாடியிலிருந்து லிஃப்ட் அறுந்து விழுந்தது. உள்ளே பெட்டிகளோடு அவரும் இருந்தார்.

“அளவுக்கு மேல ஏத்திட்டான். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கேட்டாத்தானே?” என்றார் பாதியார். விசாரிக்க வந்த அதிகாரியிடம் சொன்னார், தெருவில் சொன்னார். அக்காவின் வீட்டுக்கே வந்து, அவள் எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டும் அதையே சொன்னார். விழுந்த லிஃப்டை மறுநாளே பழைய இரும்புக்காரனுக்கு எடை போட்டுவிட்டார். சாவு வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் வந்தார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளாளுக்கு ஒரு சரக்கு வைத்திருந்தார்கள். ‘விதி’ என்றார் ஒருவர். ‘நல்ல சாவு, வலி தெரிஞ்சிருக்காது’ என்றாள் ஒருத்தி, ஏதோ தானே போய்ப் பார்த்துவிட்டு வந்ததைப் போல. ‘நீ தைரியமா இருக்கணும்’ என்று எல்லாரும் சொன்னார்கள். ஓசிக் காலண்டர் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு அப்படி ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. தினமும் கடையைப் பூட்டிவிட்டு வந்து அவளுடைய சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். காய் நறுக்கினேன். கோணலாக நறுக்குகிறேன் என்று திட்டினாள். திட்டட்டும், அதுவாவது வாயிலிருந்து வருகிறதே என்று இன்னும் கோணலாக நறுக்கினேன்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் போனபோது சமையலறையில் அவள் இல்லை. நடையில் நின்றுகொண்டிருந்தாள். குளியலறைக்குப் பதித்தது போக மிச்சமிருந்த டைல்ஸ் பெட்டி ஒன்று அங்கே கிடக்கும். அதை இரண்டு கையாலும் தூக்கினாள், வைத்தாள், மறுபடி தூக்கினாள்.

“என்னக்கா பண்றே?”

“கனம் பாக்கறேன்.” மூச்சு வாங்கியது. “இந்த மாதிரி எத்தனை கூட ஏத்தினா அறுந்து விழும்டா?”

“லூசா நீ? அத்தான் ஏத்துவாரா? பலகையில எழுதியிருக்கிற கணக்குக்கு ஒரு பெட்டி குறைச்சுத்தான் ஏத்துவாரு. லிஃப்டுக்கும் மூச்சு விட இடம் வேணும்னு சொல்லிச் சொல்லி நம்ம உயிரை வாங்குவாரே.”

“மத்த நாள் அப்படித்தான்.” பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள். “அன்னிக்கு நான் போன் பண்ணினேன். ஊசில நூல் கோக்க முடியல, கண்ணாடிக் கடை மூடுறதுக்குள்ள வாங்க, போயிட்டு வந்துடலாம்னு. ‘இதோ முடிச்சிட்டு ஓடி வரேன்’னாரு. ஓடி வரேன்னு சொன்னாருடா. சீக்கிரம் முடிக்கணும்னு நாலு பெட்டி சேத்து ஏத்திட்டாரோ?”

நான் அவள் கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டேன்.

“அந்த ஆளு சொல்றதும் சரியாத்தானே இருக்கு?” என்றாள். “நாளன்னிக்குக் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்காரு. அளவுக்கு மேல ஏத்தினதால நடந்துச்சுன்னு எழுதி, எட்டு மாசச் சம்பளம் கொடுக்கறாராம். போட்டுடறேன். நான் கொன்னதுக்குப் பாதிக் காசு போதும்.”

அக்காவின் அழுகையை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் பாதியார் அத்தானைக் கொன்றதோடு நிற்காமல், அந்தப் பழியையும் கொண்டுவந்து இவள் தலையில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். அவரை விடக்கூடாது என்று அந்தப் பெட்டி பக்கத்தில் நின்றுதான் முடிவு செய்தேன். அடிப்பது எனக்கு வராது, கை வலிக்கும். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அடித்ததில்லை. விலை பேசியே சாகடிப்போம்.

வழி மறுநாள் காலை என் கடைக்கே நடந்து வந்தது. வியாபாரிகள் சங்கத் தலைவர், ரெடிமேடு சட்டைக்காரர், பட்டன் வாங்க வந்தார். பேச்சுக்கு நடுவில் தன் கடை லிஃப்டைப் பற்றிப் புலம்பினார். போன மாதம் வெளியூரிலிருந்து வந்து தெரு முழுக்க லிஃப்ட் பார்த்துவிட்டுப் போன மெக்கானிக்கைப் பற்றிய புலம்பல் அது.

“மனுஷனா அவன், கருங்கல்லு! நானும் பேசிப் பேசித் தொண்டை வத்திப்போச்சு. ஒரு காசு இறங்கல. ‘ஐயா, என் விலை குறையாது. வேணும்னா வேலையைக் குறைச்சுக்கிறேன், அதுக்குத் தக்க வாங்கிக்கிறேன்’னு மூஞ்சிக்கு நேரா சொல்றான்.”

என் கையிலிருந்த பட்டன் டப்பா அப்படியே நின்றது. போன மாதம்தானே டீக்கடையில் பாதியார், ‘லிஃப்ட் வேலையும் பாதிக்கே முடிச்சேன்’ என்று மார்தட்டினார்? அன்றைக்கு நானும் சிரித்தேன். வழக்கம்போல் மெக்கானிக்கும் இரட்டை விலை சொல்லியிருப்பான் என்று நினைத்துச் சிரித்தேன். ஆனால் அவன் வெளியூர்க்காரன். எங்கள் நாடகம் அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. நியாயமான விலையைச் சொல்லியிருக்கிறான். பாதியார் அதையும் பாதியாக்கியிருக்கிறார். விலையில் ஒரு காசு இறங்காத ஆள் பாதிப் பணம் வாங்கிக்கொண்டு போனான் என்றால், அவன் குறைத்தது எதை?

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அப்புறம் அந்த எண்ணே இல்லை என்றது. பயந்தவன் ஓடிவிட்டான். இரும்பும் உருகிப் போயிருக்கும். உண்மை இப்போது ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது: பாதியாரின் வாயில். அந்த வாயை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியும். சங்கத் தலைவரிடம், “நாளைக்குக் கையெழுத்துக்கு நீங்கதானே சாட்சி? நானும் வரேன். லிஃப்டைப் பத்தி நான் எது கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்க, போதும்” என்றேன். கூடவே பட்டன் விலையிலும் கொஞ்சம் இறக்கினேன். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கையெழுத்துக்குப் போகும் வழியில் அக்காவிடம் சொன்னேன். “நான் என்ன பேசினாலும் கோவப்படாதே. பேனாவைத் தொடாதே. வாயைத் திறக்காதே.”

“என்னடா பண்ணப் போறே?”

“பேரம்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சின்ன வயதில் அப்பாவின் கடையில் என்னைவிட நன்றாக விலை பேசியவள் அவள்தான். முதலில் வாய் திறப்பவன் தோற்றான் என்று அப்பா எங்கள் இருவருக்கும்தான் சொல்லிக்கொடுத்தார். அது அவளுக்குத்தான் படிந்தது. எனக்கு வாய் நிற்காது.

பாதியாரின் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேசைமேல் காகிதமும் பேனாவும். சங்கத் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடை ஆட்கள் பெட்டி அடுக்குவதுபோல் பக்கத்திலேயே நின்றார்கள். இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒலிபெருக்கி தன்பாட்டுக்குக் கத்தியது. அக்கா உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்னம்மா, நல்லாயிருக்கியா?” என்றார் பாதியார். கேட்கிற கேள்வியைப் பாருங்கள். “போட்டுடு. நல்லபடியா முடிச்சுக்கலாம்.”

“போட்டுடுவா அண்ணே” என்றேன். “அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். என் கடை மாடிக்கும் ஒரு சரக்கு லிஃப்ட் போடலாம்னு இருக்கேன். அந்த மெக்கானிக்கைக் கேட்டேன். மொட்டை அடிச்சிடுவான் போலிருக்கு. ஒரு காசு குறைக்கமாட்டேங்கறான்.”

“குறைக்கமாட்டான்” என்றார் சங்கத் தலைவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. “நானே முழுசாத்தான் அழுதேன்.”

“இந்தத் தெருவுல அவன்கிட்ட முழுசு கொடுக்காத ஆளே கிடையாதாமே” என்றேன். “அவனே சொல்லிச் சிரிக்கறான், அண்ணே. உங்க பேரையும் சொன்னான்.”

பாதியாரின் கழுத்து மெல்லத் திரும்பியது. “என் பேரையா?”

“அதை விடுங்க, நல்ல நேரத்துல எதுக்கு...”

“என்ன சொன்னான்?”

“‘பாதி பாதின்னு ஊரே பயப்படுது, அவரையே நான் முழுசாக் கறந்துட்டேன்’னான். நீங்க டீக்கடையில சும்மா சொல்லிக்கிறீங்களாம். அதனால என்ன அண்ணே, வயசாகுதுல்ல. எல்லா நாளும் ஜெயிக்க முடியுமா?”

அடுக்கிக்கொண்டிருந்த ஆட்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். அந்த இருமல்தான் வேலை செய்தது. என் பேச்சுக்கு அவர் தப்பியிருப்பார். இருமலுக்குத் தப்பவில்லை.

“அந்தப் பய சொன்னானா? முழுசு கொடுத்தேன்னா?” முகம் சிவந்துவிட்டது. “நானாடா? என்னைப் பெத்தவன் வந்து கேட்டாலும் முழுசு கொடுக்கமாட்டேன்!”

“அப்ப எப்படி அண்ணே குறைச்சான்? நம்பற மாதிரியா இருக்கு?”

“எப்படியா? கேட்டுக்க! ‘ரெண்டு கயிறும் தேஞ்சு போச்சு, ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு தனியாத் தாங்காது, ரெண்டையும் மாத்தணும்’னான். நான் யாரு? ‘ஒண்ணை மாத்து, பாதி வாங்கிக்க, இன்னொண்ணு இன்னும் அஞ்சு வருஷம் உழைக்கும்’னு சொன்னேன். மாத்திட்டு, வாயை மூடிக்கிட்டுப் பாதிதான் வாங்கிட்டுப் போனான்! இதோ இந்தக் கல்லாவுலதான் எண்ணிக் கொடுத்தேன். யாரு யாரைக் கறந்தது?”

சொல்லி முடித்து, வெற்றியோடு சுற்றிப் பார்த்தார். யாரும் தலையாட்டவில்லை. டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பி நின்றார்கள். இருமியவனின் முகத்தில் சிரிப்பு இல்லை. வெளியே ஒலிபெருக்கி, ‘பாதி விலை! பாதி விலை!’ என்றது.

அக்காதான் பேசினாள். மெதுவாக, கடையில் துணி விசாரிப்பதைப்போல்.

“இன்னொரு கயிறு?”

பாதியார் அவளைப் பார்த்தார். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவர் முகத்துக்கு வந்து சேர்ந்தது. “அது... அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. அவன் கூட ஏத்தினதாலதான்...”

“அவர் கூட ஏத்தல முதலாளி” என்றான் இருமியவன். “அன்னிக்கு நான்தான் பெட்டி எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் எப்பவும் போல ஒரு பெட்டி குறைச்சுத்தான் வாங்கினாரு. நீங்க சொன்னப்ப நான் வாயை மூடிட்டு இருந்தேன். வேலை போயிடும்னு.”

“நானும் கேட்டேன்” என்றார் சங்கத் தலைவர். சாட்சிக்காக எடுத்துவைத்திருந்த தன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். “ரெண்டையும் கேட்டேன். நாளைக்கு யாரு கேட்டாலும் சொல்லுவேன்.”

அக்கா எதுவும் பேசவில்லை. கை மடியிலேயே இருந்தது. பாதியாரை மட்டும் பார்த்தாள். அழுத்தமாக முறைக்கவும் இல்லை. விலை சொல்லிவிட்டுக் காத்திருக்கிற ஆளின் பார்வை. அந்தப் பார்வையை நான் முப்பது வருடமாகப் பயின்றும் எனக்கு வரவில்லை.

“சரி, பதினாறு மாசம்” என்றார் பாதியார்.

அவள் பேசவில்லை.

“இருபது. என்னம்மா? இருபது மாசம்.”

வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் விலையைத் தானே ஏற்றிக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். பொய் சொல்வானேன், கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்த சுகம்.

“முப்பத்திரண்டு!” என்றார். குரல் உடைந்தது. “இரட்டிப்பு! இதுக்கு மேல நான் எங்க போவேன்?”

“பதினாறு” என்றாள் அக்கா. “அது வரவேண்டியது. அதுக்கு மேல ஒரு காசு வாங்கினாலும் நான் அவரை வித்த மாதிரி. எனக்கு வேண்டியது வேற.”

“என்ன?”

அவள் வாசலைக் காட்டினாள். “அந்த மைக்.”

பாதியாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்னைப் பார்த்தார், ஏதோ நான் காப்பாற்றுவேன் என்பதுபோல. நான் நகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

“தெரு முழுக்க அவரைக் குத்தம் சொன்னீங்கல்ல?” என்றாள். “தெரு முழுக்கத் திருப்பிச் சொல்லுங்க.”

இருமியவன் போய் ஒலிபெருக்கியில் ஓடிய பதிவை நிறுத்திவிட்டு, அதன் மைக்கை எடுத்து வந்தான். கடைத்தெருவில் திடீரென்று அப்படி ஒரு அமைதி. அந்தச் சத்தம் நின்றதே பக்கத்துக் கடைக்காரர்களை வெளியே வரவைத்துவிட்டது. பாதியார் மைக்கைக் கையில் வாங்கினார். சும்மா சொல்லக்கூடாது, அப்போதும் பேரம் பேசிப் பார்த்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். நம்ம லிஃப்ட் விஷயத்துல... ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் தப்பு நடந்துபோச்சு...”

“முழுசு” என்றாள் அக்கா, பின்னாலிருந்து.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “அந்த ஆள் மேல தப்பில்ல. அவர் கூட ஏத்தல. கயிறு தேஞ்சுபோச்சுன்னு சொன்னாங்க. நான் ஒண்ணை மாத்திட்டு ஒண்ணை விட்டுட்டேன். பாதிக் காசை மிச்சம் பிடிக்க.” அவர் குரலே ஒலிபெருக்கியில் தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்தது. பாதி என்ற சொல் மட்டும் வழக்கம்போல் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது.

அக்கா எழுந்தாள். காகிதத்தை எடுத்து நான்காக மடித்து அவர் மேசையிலேயே வைத்தாள். வாசலைத் தாண்டும்போது கால் தடுக்கியது. நான் பிடித்துக்கொண்டேன். அங்கே, பழைய லிஃப்ட் இருந்த இடத்தில் கட்டியிருந்த பலகைத் தடுப்புக்கு முன்னால் நின்று, “ஓடி வரேன்னுதான் சொன்னாரு” என்றாள். “ஓடி வந்திருப்பாருடா.” அப்புறம் அழுதாள். தெருவே பார்க்க, மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதாள். தைரியமா இரு என்று சொல்ல வந்த ஒருத்தியை நான் பார்த்த பார்வையில் அவள் அப்படியே திரும்பிப் போனாள்.

அதோடு அக்காவின் கணக்கு அவளைப் பொறுத்தவரை முடிந்தது. என் கணக்கு முடியவில்லை.

அன்றைக்கு மாலையே தெருவில் ஒரு சுற்று வந்தேன். இனி பாதியாருக்கு யாரும் இரட்டை விலை சொல்வதில்லை, நியாயமான விலைதான், அவர் பாதிக்குக் கேட்டால் பாதிச் சரக்கை மட்டும் கொடுத்துவிடுவது என்று பேசி முடித்தோம். டீக்கடைக்காரர் அரை டம்ளர் டீ கொடுத்தார். செருப்புக்கடைக்காரர் இடது காலுக்கு மட்டும் கொடுத்தார். முடிதிருத்துபவர் மீசையில் வலது பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, “அடுத்தவங்க வாங்க” என்று துணியை உதறினார். மிச்சத்தை எடுக்கச் சொல்லி அவர் கெஞ்சியபோது, “இன்னும் அஞ்சு வருஷம் உழைக்கும், விடுங்க” என்றாராம். வழக்கு வேறு நடக்கிறது. சங்கத் தலைவரும் அன்றைக்கு இருமிய ஆளும் சாட்சி சொல்கிறார்கள். வக்கீல் கேட்ட தொகையைப் பாதியார் பாதியாக்கியதாகவும், வக்கீலும் பாதி நேரம்தான் வருவதாகவும் கேள்வி. இதற்கு நான் பொறுப்பில்லை. ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

போன வாரம் அக்காவைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப்போனேன். வேண்டாம் என்று வழியெல்லாம் சண்டை போட்டாள். உள்ளே போனதும் கண்ணாடிச் சட்டத்தில் கீறல் இருக்கிறது என்று கண்டுபிடித்து விலையில் கால் பங்கைக் குறைத்தாள். கண்ணுக்குப் போட்டு, பையிலிருந்து ஊசியை எடுத்து, ஒரே தடவையில் நூலைக் கோத்தாள். கொஞ்ச நேரம் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தெருவைப் பார்த்தேன்.

கடை பூட்டும்போது கணக்கை முடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். இதையும் முடித்துவிடுகிறேன்.

வரவு: பதினாறு மாதச் சம்பளம், முழுசாக. ஒலிபெருக்கியில் ஓர் உண்மை, முழுசாக. அரை மீசை. மூக்குக்கண்ணாடி ஒன்று.

பற்று: அத்தான்.

நிலுவை: பாதியார் பெயரில், அத்தான் அப்படியே இருக்கிறார். தள்ளுபடி கிடையாது.